ரேஞ்ச் டவரைத் தாண்டியபோது: இணைய மின்காரின் சின்ன வரலாறு

பெங்களூருவின் ரேவா கம்பெனி 2009 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் ஷோவில் என்.எக்ஸ்.ஆர் என்ற மின்காரைக் காட்டியது. அதில் ஒரு வசதிக்கு 'ரிவைவ்' என்று பெயர். பேட்டரி தீர்ந்து நடுரோட்டில் நின்றுவிட்டால் கம்பெனியின் உதவி மையத்துக்கு போன் பண்ணலாம், இல்லை எஸ்எம்எஸ் அனுப்பலாம். அவர்கள் இருந்த இடத்தில் இருந்தே உங்கள் பேட்டரியின் நிலவரத்தைப் பார்த்து, ஒதுக்கி வைத்திருக்கும் கொஞ்சம் சார்ஜைத் திறந்துவிடுவார்கள். வீடு போய்ச் சேரலாம்.

கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. அந்த சார்ஜ் வெளியே இருந்து வரவில்லை. உங்க பேட்டரிக்குள்ளேயேதான் இருக்கு. திறக்கிற அதிகாரம் மட்டும் டவருக்கு அந்தப் பக்கம் இருக்கு. பழைய பைக்கில் பெட்ரோல் தீர்ந்தால் குனிந்து ஒரு திருகைத் திருப்பி ரிசர்வுக்குப் போவோம் இல்லையா? அந்தத் திருகை ஒரு சர்வருக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். கார் நின்ற இடத்தில் சிக்னல் இல்லை என்றால் ரிசர்வும் இல்லை.

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அது நல்ல யோசனை. மஹிந்திரா 2010இல் ரேவாவை வாங்கி, 2013 மார்ச்சில் இ2ஓ என்ற காரை டெல்லியில் அறிமுகம் செய்தபோதும் ரிவைவ் கூடவே வந்தது. அந்தக் காரின் ரேஞ்ச் சுமார் 100 கிலோமீட்டர். நகரத்துக்குள் ஓட்டத்தான் வாங்குவார்கள். நகரத்தில் தெருவுக்கு ஒரு டவர் இருந்தது. டவர் எட்டாத இடத்துக்கு அந்தக் கார் போகவே வாய்ப்பு குறைவு. சிக்னலின் எல்லைக்குள்ளேயே காரின் எல்லையும் அடங்கியிருந்தது.

2020 ஜனவரியில் இது தலைகீழானது. நெக்ஸான் ஈவி 30.2 கிலோவாட் மணி பேட்டரியோடு, 312 கிலோமீட்டர் என்ற சான்றிதழ் ரேஞ்சோடு வந்தது. எம்ஜியின் இசட்எஸ் ஈவி 340 கிலோமீட்டர் என்றது. இரண்டிலும் சிம் உண்டு, ஆப் உண்டு. நிஜ ரோட்டில் இந்தக் கணக்கு குறையும்தான். இருந்தாலும் வால்பாறையும் கொல்லிமலையும் மின்காருக்கு எட்டும் இடங்களாகிவிட்டன. காரின் ரேஞ்ச் டவரின் ரேஞ்சைத் தாண்டிப் போய்விட்டது. ஆனால் ஆப்பின் வடிவமைப்பு மட்டும் இன்னும் நகரத்திலேயே நிற்கிறது. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

கார் வாழும், நெட்வொர்க் சாகும்

காருக்குள் போன் வைக்கும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கியது ஜெனரல் மோட்டார்ஸின் ஆன்ஸ்டார். 1996இல் அறிவித்து, 1997 மாடல் காடிலாக் கார்களில் கொடுத்தார்கள். விபத்தில் ஏர்பேக் விரிந்தால் கார் தானாகவே உதவி மையத்தை அழைக்கும். அப்போது இருந்தது அனலாக் நெட்வொர்க். கையில் வைத்திருக்கும் போன் 0.6 வாட்டில் பேச, காரில் பொருத்திய போன் 3 வாட் வரை பேசும். அமெரிக்க கிராமப்புறங்களில் சிக்னல் மெலிந்த இடத்திலும் இது தாக்குப்பிடித்தது.

அனலாக்கைக் கட்டாயம் நடத்த வேண்டும் என்ற விதியை அமெரிக்கா 2008 பிப்ரவரியோடு விலக்கிக்கொண்டது. அதற்கு முன்பே, அந்த ஜனவரி 1ஆம் தேதி, அனலாக் மட்டுமே தெரிந்த பழைய கார்களில் ஆன்ஸ்டார் நின்றது. காரில் ஒரு குறையும் இல்லை, அது பேசும் மொழியைக் கேட்க ஆள் இல்லை.

இதே கதை மின்காருக்கும் வந்தது. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிஸான் லீஃபில் 2ஜி மோடம். போனில் இருந்தே சார்ஜ் பார்க்கலாம், ஏசி போடலாம். 2016 முடிவோடு அமெரிக்காவில் ஏடி&டி தன் 2ஜியை மூடியது. லீஃப்காரர்கள் காசு கொடுத்து 3ஜி மோடம் மாற்றினார்கள். 2022 பிப்ரவரியில் அந்த 3ஜியும் மூடப்பட்டது. பிரிட்டனில் 2024 ஏப்ரலில் பழைய லீஃப்களுக்கான ஆப்பையே நிறுத்தினார்கள்.

எங்களைப் போன்ற சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கார் 15 வருஷம் ஓடும். ஒரு மொபைல் தலைமுறைக்கோ, ஒரு சர்வருக்கோ அந்த ஆயுள் உத்தரவாதம் கிடையாது. நெட்வொர்க் மூடப்படும் நாளில் ஊரில் இருக்கும் எல்லாக் காரும் ஒரே நேரத்தில் மலைக்காட்டில் நிற்கும் கார் ஆகிவிடும். ஆக, சிக்னல் இல்லாத ஊர்க்காரர் இன்று படும் பாடு, மற்றவர்களுக்குப் பத்து வருஷம் கழித்து வரப்போவதன் முன்னோட்டம்.

லீஃபைப் பாராட்ட வேண்டிய இடமும் இதுதான். சார்ஜிங் டைமரை அவர்கள் ஆப்பில் மட்டும் வைக்கவில்லை, காரின் திரையிலும் வைத்தார்கள். ஆப் போன பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கு சார்ஜ் ஏறத் தொடங்கும்.

பாலைவனத்தில் ஒரு சாவி

2017 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் பக்கம் உள்ள ரெட் ராக் பள்ளத்தாக்குக்கு ஒரு தம்பதி டெஸ்லா மாடல் எஸ் காரில் போனார்கள். சாவி வீட்டில். போனிலேயே திறந்து, போனிலேயே ஸ்டார்ட் செய்து கிளம்பியிருந்தார்கள். வழியில் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறினால் கார் கிளம்பவில்லை. போன் அனுப்பும் கட்டளை இணையம் வழியாக சர்வருக்குப் போய், அங்கிருந்து காருக்கு வர வேண்டும். பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை. மனைவி சுமார் இரண்டு மைல் தள்ளிப் போய் சிக்னல் பிடித்துத்தான் உதவிக்கு அழைக்க முடிந்தது.

போனுக்கும் காருக்கும் இடையே ஓர் அடி தூரம். செய்தி போய் வர வேண்டிய தூரமோ பல நூறு மைல்.

அதே வருஷம் ஜூலையில் மாடல் 3 வந்தபோது போன்சாவி புளூடூத்துக்கு மாறியிருந்தது. போனும் காரும் நேராகப் பேசிக்கொள்ளும், டவர் தேவையில்லை. போன் செத்துப்போனால் தட்டித் திறக்க ஒரு கார்டும் கொடுத்தார்கள். முடிவெடுக்கும் இடத்தை சர்வரில் இருந்து காருக்கே கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். நல்ல வடிவமைப்பு எது என்று யாராவது கேட்டால் நான் காட்டும் உதாரணம் இது.

மலையில் பார்த்தது

என் மாமனார் வீடு கொல்லிமலையில். அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. மின்கார் வாங்கியதில் இருந்து மாதத்துக்கு ஒரு தரமாவது போய் வருகிறோம். வீட்டு வாசலில் என் போனுக்கு ஒரு கோடு சிக்னல் கிடைக்கும், காரில் இருக்கும் சிம்முக்கு அதுவும் கிடையாது. அது வேறு கம்பெனி சிம். நம்ம போனில் சிம் மாற்றுவது மாதிரி அதை மாற்ற வழியில்லை. 2018 முதல் இந்தியாவில் இப்படி இயந்திரத்துக்குள் போகும் புது சிம்களுக்கு 13 இலக்க எண். காருக்கு போன் நம்பர் இருக்கிறது, ஆனால் மாற்றும் உரிமை வண்டிக்காரருக்கு இல்லை.

ஆப்பைத் திறந்தால் 62 சதவீதம் என்று காட்டும். கீழே சின்ன எழுத்தில், கடைசியாகப் புதுப்பித்தது நேற்று மாலை என்று இருக்கும். மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, கார் வாசல்ல நிக்குது, போய்ப் பாத்தா தெரியாதா?" என்பார். சரியான கேள்வி. போய்ப் பார்த்தால் மீட்டரில் 88.

நல்லவேளை, சார்ஜ் ஏறுவதற்கு இணையம் வேண்டாம். கேபிளில் பைலட் என்று ஒரு கம்பி உண்டு. அதில் சார்ஜர் 12 வோல்ட், 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை அனுப்பும். அந்த அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதுதான் செய்தி: 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியர் எடுத்துக்கொள், சுமார் 27 சதவீதம் என்றால் 16 ஆம்பியர். கார் அந்த வோல்ட்டை 9க்கு இழுத்தால் "வந்துட்டேன்", 6க்கு இழுத்தால் "கொடு". இரண்டே வார்த்தையில் பேச்சு முடிந்தது. உலகத்தில் எந்த சர்வர் படுத்தாலும் மலைவீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் கார் சார்ஜ் ஏறும்.

ரேஞ்ச் கணக்குக்கும் ஆப் தேவையில்லை. 1,500 கிலோ காரை 100 மீட்டர் மேலே தூக்க, சமதளச் செலவோடு கூடுதலாக ஏறக்குறைய அரை யூனிட். 1,000 மீட்டர் ஏறினால் 5 யூனிட். இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்பி வரும். பள்ளிக்கூட இயற்பியல்தான். அடிவாரத்திலேயே மனக்கணக்காகப் போட்டுவிடலாம்.

சார்ஜிங் ஸ்டேஷன் என்ற பலவீனம்

நிஜமாகவே மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் பொது சார்ஜர்தான். க்யூஆர் ஸ்கேன் பண்ணி, ஆப்பில் பணம் போட்டு, அது சர்வருக்குப் போய், சர்வர் சார்ஜரிடம் சொல்லி... போனுக்கும் சார்ஜருக்கும் இரண்டுக்குமே சிக்னல் வேண்டும். கம்பியில் மின்சாரம் இருக்கும், கார் பசியோடு நிற்கும், நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதை யாரும் யோசிக்கவில்லையா என்று தேடினால், யோசித்திருக்கிறார்கள். சார்ஜரும் சர்வரும் பேசும் ஓசிபிபி என்ற நெறிமுறை 2009இல் நெதர்லாந்தில் தொடங்கியது. 2015இல் வந்த 1.6 பதிப்பில், அனுமதி பெற்றவர்களின் பட்டியலை சார்ஜருக்குள்ளேயே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. கார்டைத் தட்டினால் சார்ஜர் தானே முடிவு செய்து மின்சாரம் கொடுக்கலாம். கணக்கை எழுதி வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பலாம். ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி நோட்டில் எழுதிக்கொள்வது மாதிரி. வழி இருக்கிறது. அதை இயக்கி வைப்பதா வேண்டாமா என்பது நடத்துபவரின் விருப்பம்.

அதனால் மின்கார் வாங்கப் போகும் நண்பர்களிடம் ஷோரூமில் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன். சாவியும் போனும் டவர் இல்லாமல் வேலை செய்யுமா? சார்ஜ் டைமர், சார்ஜ் அளவு, ஏசி எல்லாவற்றையும் காரின் திரையிலேயே வைக்க முடியுமா? உள்ளே இருக்கும் சிம்மின் நெட்வொர்க் மூடப்பட்டால் எதெல்லாம் நிற்கும்? முடிந்தால் டெஸ்ட் டிரைவில் ஒரு அடித்தள பார்க்கிங்குக்குள் ஓட்டிப் போய், போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பூட்டித் திறந்து பாருங்க. மூன்றாவது கேள்விக்கு இதுவரை எந்த ஷோரூமிலும் எனக்கு நேரான பதில் கிடைத்ததில்லை. உங்களுக்குக் கிடைத்தால் எழுதுங்க.