ஒட்டுவதற்கு முன்: ஆல்பத்தின் கதை

'ஆல்பம்' என்ற சொல்லுக்கு லத்தீனில் வேர், 'வெள்ளை'. பழைய ரோமில் பொது அறிவிப்புகளை எழுதி வைத்த வெள்ளைப் பலகைக்கு அந்தப் பெயர். 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பல்கலைக்கழக மாணவர்கள் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் கையெழுத்தும் வாழ்த்தும் வாங்கி வைத்த சிறு புத்தகம் 'ஆல்பம் அமிகோரம்', அதாவது நண்பர்களின் ஆல்பம், ஆயிற்று. இன்று முதல் தடவையாக ஸ்கிராப் புக் வாங்கக் கடையில் நிற்பவர் கையில் எடுப்பது அதன் வாரிசுதான்.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் அழகையும் விலையையும் பற்றி முதலில் பேசுவதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன்: இதில் வைத்ததை நாளைக்குச் சேதமில்லாமல் திரும்ப எடுக்க முடியுமா? ஆல்பத்தின் வரலாறே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

1854-இல் பாரிஸில் திஸ்தேரி என்ற புகைப்படக்காரர், விசிட்டிங் கார்டு அளவில் சிறு படங்களை ஒரே தகட்டில் பல பதிவுகளாக எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். படம் மலிவாயிற்று. 1860-இல் விக்டோரியா அரசி குடும்பத்தின் படங்கள் இந்த அளவில் விற்பனைக்கு வந்ததும் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு சேகரிக்க ஆரம்பித்தார்கள். அதற்கென்று வந்த ஆல்பத்தில் பசை கிடையாது. கெட்டி அட்டைப் பக்கத்தில் சன்னல் போல வெட்டி, படத்தைச் செருகும் இடம் வைத்திருந்தார்கள். இதனால்தான் அந்தப் படங்களை இன்றும் வெளியே எடுத்து, பின்பக்கத்தில் உள்ள ஸ்டூடியோ பெயரைப் படிக்க முடிகிறது.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. அங்கே செய்தித்தாள் துணுக்குகளை வெட்டி ஒட்டும் பழக்கம் பரவியிருந்தது. எழுத்தாளர் மார்க் ட்வைனும் அப்படி ஒட்டியவர். பசைக் கிண்ணத்தோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், பக்கங்களிலேயே கோந்து தடவிய ஸ்கிராப் புக்குக்கு 1873-இல் காப்புரிமை வாங்கினார். தண்ணீரால் நனைத்தால் போதும், ஒட்டிக்கொள்ளும். நல்ல விற்பனை. ஆனால் சௌகரியம் ஒட்டுகிறவருக்குத்தான். எடுக்க நினைப்பவருக்கு இல்லை.

அதே காலத்தில் காகிதமும் மாறியது. கந்தல் துணிக் கூழில் செய்த பழைய காகிதத்துக்குப் பதிலாக மரக்கூழ் காகிதம் வந்தது. அதிலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டால் பழுக்கும். மை ஊறாமல் இருக்கச் சேர்த்த படிகாரம் அமிலத்தை உண்டாக்கும். அலுவலகத்தில் பழைய கோப்பு ஒன்றைப் பிரித்தவர்களுக்கு இது தெரியும். ஓரம் அப்பளம்போல் நொறுங்கும்; குண்டூசி இருந்த இடத்தில் துருக்கறை; செல்லோ டேப் ஒட்டிய இடம் தேன் நிறம்.

1970-களில் பசை வரிகள் உள்ள பக்கமும், அதன் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பம் பரவியது. தாளைத் தூக்கி, படத்தை வைத்து, மூடினால் வேலை முடிந்தது. என் தங்கையின் கல்யாணப் படங்கள் அப்படி ஒன்றில்தான் இருக்கின்றன. எங்கள் அப்பா சிரிக்கிற ஒரே படம் அதில் உள்ளது. நகல் எடுக்கலாம் என்று ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்ததில் படத்தின் முதுகுக் காகிதம் பக்கத்தோடு போயிற்று. அத்தோடு நிறுத்திவிட்டோம். இப்போது ஆல்பத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே பல் இடுக்கு நூலை மெல்ல இழுத்துப் பார்க்கலாம். இழுக்கும் முன் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

1980-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நடந்த ஆவண மாநாட்டில் மாரிலென் கிறிஸ்டென்சன் என்ற பெண்மணி, தன் குடும்பப் படங்களையும் குறிப்புகளையும் பல தொகுதிகளாக அடுக்கிக் காட்டினார். இன்றைய ஸ்கிராப் புக் மோகம் அங்கிருந்துதான் கிளம்பியது என்பார்கள். அமிலமில்லாத காகிதம் வேண்டும் என்ற பேச்சு கடைகள்வரை வந்ததும் அதன் பிறகுதான்.

ஆகவே, புதிதாகத் தொடங்குபவருக்கு:

காகிதம்: அட்டையில் 'ஆசிட் ஃப்ரீ', 'லிக்னின் ஃப்ரீ' இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் போதாது.

பிளாஸ்டிக் உறை: பி.வி.சி. வேண்டாம். பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியஸ்டர் நல்லது.

கட்டு: சுருள் கம்பி ஆல்பம் மலிவு, ஆனால் பக்கம் சேர்க்க முடியாது. வளையம் அல்லது திருகு வைத்த ஆல்பத்தில் பக்கத்தைக் கூட்டலாம், இடம் மாற்றலாம்.

அளவு: 12 அங்குலச் சதுரம் அமெரிக்க வழக்கம். அதை நிரப்ப நிறையப் பொருள் வேண்டும். நம் அலமாரியிலும் சுலபத்தில் நிற்காது. முதல் ஆல்பத்துக்கு 8 அங்குலம் தாராளம்.

ஒட்டுதல்: படத்தின் நான்கு முனைகளிலும் செருகும் காகித மூலைகள் போதும். பிரெஞ்சில் 'கோல்' என்றால் பசை. 'கொலாஜ்' என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. அழகுக் காகிதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஒட்டுங்கள். மூலப் படத்தை மட்டும் ஒட்டாதீர்கள். செய்தித்தாள் துணுக்குக்கு நகல் எடுத்து அதை வையுங்கள்.

கடைசியாக, படத்தில் இருப்பவர் பெயர், ஊர், வருஷம் இவற்றைப் பக்கத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். பெயர் தெரியாத முகத்தை எந்தக் காகிதத்தாலும் காப்பாற்ற முடியாது.