ஆறு தந்த துறைமுகம், ஆறே மூடிய துறைமுகம்

மதுரை அரண்மனையில் பாண்டியன் நெடுஞ்செழியன் முன் நின்று நீதி கேட்கும் கண்ணகி, அவனைக் கொற்கைக்கு வேந்தன் என்று விளிக்கிறாள். அரசியின் சிலம்புக்குள் இருந்தவை, கொற்கைக்குப் புகழ் தந்த முத்துகள். நெடுஞ்செழியன் மாண்டபின் அரியணை ஏற வந்த வெற்றிவேற் செழியனும் கொற்கையில் இருந்தவன்தான். சிலப்பதிகாரத்தின் மதுரைக் கதைக்குள் இந்தச் சிறிய கடற்கரை நகரம் இத்தனை முறை தலைகாட்டுவது தற்செயல் அல்ல. வைகைக்கரைத் தலைநகரின் செல்வம் தாமிரபரணி முகத்துவாரத்தில் விளைந்தது.

கொற்கை எவ்வளவு பழையது? தமிழகத் தொல்லியல் துறை 1968-69இல் இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. கீழடி அகழாய்வு பற்றி நாடு பேசத் தொடங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்த முடிவு இது. 2021இல் மீண்டும் தோண்டினார்கள். துளையிட்ட சுடுமண் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது அடுக்குகளாக வெளிப்பட்டன.

முத்துதான் இவ்வூரின் உயிர். முத்துக்குளிப்பவர்கள் இடுப்பில் கயிறும், விரைவாக ஆழம் இறங்க ஒரு கல்லுமாக மூச்சடக்கி மூழ்குவார்கள். கொற்கைப் பரதவரைச் சங்கப் பாடல்கள் பெருமையாகப் பாடுகின்றன. ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டு கிரேக்க நூலான பெரிப்ளூஸ், பாண்டியரின் முத்துச் சலாபத்தில் தண்டனைக் கைதிகள் வேலை வாங்கப்பட்டதாகச் சொல்கிறது. கொற்கை முத்தின் புகழைச் சொல்லும் யாரும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நகரத்தைப் பகைவர் யாரும் அழிக்கவில்லை. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து கடல் பின்வாங்கியது. வணிகம் காயல் துறைமுகத்துக்கு நகர்ந்தது. அரபுக் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் அங்கே வந்ததை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதினார். பின்னர் காயலும் தளர்ந்தது; அதன் இடத்தைத் தூத்துக்குடி பிடித்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கால்பதித்த அந்த ஊர், 1658இல் டச்சுக்காரர் கைக்குப் போனது.

இன்று கொற்கையிலிருந்து கடலைத் தொட சுமார் 6 கிலோமீட்டர் போக வேண்டும். 1870களில் பாதிரியார் கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்தார். அதன்பின் நடந்த அகழாய்வுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கீழடியில் செய்ததுபோல் கொற்கையிலும் அரசு தொடர்ந்து அகழாய்வு செய்ய வேண்டும். கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்ட மதுரைக்காரர்களே, அடுத்த விடுமுறையில் தாமிரபரணிப் பகுதியின் தொல்லிடங்களான ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூன்றுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.