1999: அடம் கூட்ஸின் முதல் பருவத்தை எப்படி வாசிப்பது?

ஒரு இளம் வீரர் தன் முதல் பருவத்தை விளையாடி முடித்த கையோடு நாங்கள் எல்லோரும் நீதவான்கள் ஆகிவிடுகிறோம். ‘பெடியன் மேல வருவான்’ என்பார் ஒருவர். ‘ஒரு வருஷத்தை வைச்சு என்னத்தைச் சொல்லுறது’ என்பார் இன்னொருவர். கிரிக்கெட்டிலும் இது நடக்கும், உதைபந்தாட்டத்திலும் நடக்கும். அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டத்தில், அதாவது அந்த ஊர் ஆட்கள் ‘ஃபுட்டி’ என்று சொல்லும் ஆட்டத்தில், இந்தத் தீர்ப்பை ஒரு விருதாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். ‘ரைசிங் ஸ்டார்’ என்பது அதன் பெயர். 1993 முதல் கொடுக்கிறார்கள். பருவம் தொடங்கும் ஆண்டின் ஜனவரி முதலாம் திகதியில் 21 வயது நிரம்பாதவராக இருக்கவேண்டும். அதற்கு முன் பத்துப் போட்டிகளுக்கு மேல் விளையாடியிருக்கக் கூடாது. ஒவ்வொரு வாரமும் ஒருவரைப் பரிந்துரைத்து, முடிவில் ஒருவரைத் தெரிவு செய்வார்கள்.

1999இல் அந்த விருது சிட்னி ஸ்வான்ஸ் கழகத்தின் அடம் கூட்ஸுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 19. அந்தப் பருவத்தில் தெரிந்தது என்ன, தெரியாமல் போனது என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். ஆட்டத்தைப் பற்றி அன்று எழுதப்பட்ட தீர்ப்பு சரிதான். ஆனால் அந்தப் பருவம் அளந்தது அவரை மட்டும்தான். அவரைப் பார்த்துக் கைதட்டியவர்களை அளக்க இன்னும் பதினாலு வருஷம் தேவைப்பட்டது.

முதலில், ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். மைதானம் கிரிக்கெட் மைதானம் மாதிரி நீள்வட்டம். பந்தும் ரக்பிப் பந்துபோல நீண்டது. இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்து இடைவெளிக்குள் போனால் ஒன்று. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் இடைக்கிடை நிலத்தில் தட்டவேண்டும். எறியக் கூடாது, முட்டியால் குத்தித்தான் கொடுக்கலாம். இன்னொருவர் உதைத்த பந்தை நிலத்தில் படாமல் பிடித்தால் அது ‘மார்க்’. பிடித்தவர் யாருடைய இடைஞ்சலும் இல்லாமல் நின்று உதைக்கலாம். உயரமானவர்கள் பாய்ந்து பிடிக்க, கட்டையானவர்கள் கீழே ஓடிப் பொறுக்குவார்கள். அதுதான் வழமை.

கூட்ஸ் அந்த வழமைக்குள் அடங்காத ஆள். ஆறடிக்கு மேல் உயரம், ஆனால் ஓட்டம் கட்டையானவர்களின் ஓட்டம். முன்வரிசை, நடுக்களம், பின்வரிசை, பந்தை மேலே எறியும்போது பாய்ந்து தட்டும் ‘ரக்’ இடம் என்று காலப்போக்கில் எல்லா இடத்திலும் நின்றார். இப்படி ஒரு உடம்பும் ஓட்டமும் ஒரு 19 வயதுப் பெடியனிடம் இருந்தால், விருதுக்குழு அவரைக் கவனிக்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் அவரை எத்தனை கழகங்கள் தாண்டிப் போயின என்பதையும் சொல்லவேண்டும். கூட்ஸ் 1980 ஜனவரியில் தென் அவுஸ்திரேலியாவின் வொலரூவில் பிறந்தவர். தாய் அட்னியமதானா, நருங்கா என்ற பூர்வகுடிகளின் வழிவந்தவர். சின்ன வயதில் அவர் விளையாடியது சொக்கர். விக்ரோறியா மாநிலத்துக்கு வந்து வளர்ந்தபோதுதான் இந்த ஆட்டத்துக்குள் வந்தார். ஹோர்ஷம் என்ற நாட்டுப்புற நகரில் இருந்து நோர்த் பலராட் ரெபல்ஸ் என்ற இளையோர் அணிக்குப் போய், 1997இல் அந்த அணியோடு கிண்ணம் வென்றார். அதே வருஷம் ‘டிராஃப்ட்’ எனப்படும் வருடாந்தத் தெரிவில் சிட்னி அவரை எடுத்தது. 43ஆவது ஆளாக. அவருக்கு முன் 42 பெயர்கள் வாசிக்கப்பட்டன.

1998 முழுவதும் அவர் பிரதான அணியில் ஒரு போட்டிகூட விளையாடவில்லை. இரண்டாம் நிலை அணியில்தான் ஓடிக்கொண்டிருந்தார். ஆக, நாங்கள் ‘முதல் பருவம்’ என்று சொல்லுகிற 1999, உண்மையில் கழகத்தில் அவருடைய இரண்டாவது வருஷம். எவரும் பார்க்காத அந்த ஒரு வருஷத்தைக் கணக்கில் எடுக்காமல் முதல் பருவத்தை அளந்தால் பாதிக் கதைதான் மிஞ்சும்.

1999இல் சிட்னியின் கதாநாயகன் அவரும் இல்லை. அது ரொனி லொக்கெற்றின் வருஷம். ஜூன் 6ஆம் திகதி சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் கொலிங்வுட் அணிக்கு எதிராக லொக்கெற் தன் 1300ஆவது கோலை அடித்தார். கோடன் கொவென்றி 1937இல் விட்டுப்போன 1299 என்ற சாதனை அன்றைக்கு முறிந்தது. சனம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது. அணி 16 கழகங்களில் எட்டாவதாக முடித்து, இறுதிச் சுற்றின் முதல் வாரத்திலேயே எசெண்டனிடம் தோற்று வெளியேறியது. லொக்கெற்றும் அந்த வருஷத்தோடு விலகினார். பெரிய மரம் விழுந்த இடத்தில் யார் நிற்பது என்ற கேள்வி கழகத்துக்கு இருந்தது. அதற்கு ஒரு பதில் ஏற்கெனவே அணிக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, முதல் பருவம் எதைச் சொல்லும்? இந்த ஆட்டத்தின் வரலாறு இரண்டு பக்கமும் உதாரணம் தருகிறது. 1993இன் முதல் விருதாளர் நேதன் பக்லியும் 1999இன் விருதாளர் கூட்ஸும் 2003இல் மார்க் ரிச்சூட்டோவோடு சேர்ந்து ஆட்டத்தின் அதியுயர் தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அங்கே தீர்ப்பு பலித்தது. ஆனால் 2013இல் ரைசிங் ஸ்டார் ஆன ஜேகர் ஓமேரா முழங்கால் காயத்தால் 2015, 2016 என்ற இரண்டு பருவங்களை முழுதாக இழந்தார். விருதுக்குழுவுக்கு முழங்காலின் உள்ளே பார்க்கத் தெரியாதுதானே.

எதிர்த்திசையில் ஒரு பழைய உதாரணமும் இருக்கிறது. மேற்கு அவுஸ்திரேலியாவில் பெரும் புகழோடு இருந்த கிரஹாம் ‘பொலி’ ஃபார்மர் 1962இல் ஜீலோங் கழகத்துக்கு வந்தார். அவர் நூங்கார் பூர்வகுடி வழிவந்தவர். முதல் போட்டியிலேயே முழங்கால் போய், அந்தப் பருவத்தின் பெரும்பகுதி வீணாயிற்று. அந்த ஒரு வருஷத்தை மட்டும் வைத்து எழுதியிருந்தால் ‘தோல்வி’ என்றுதான் எழுதவேண்டும். அடுத்த வருஷம், 1963இல், ஜீலோங் கிண்ணம் வென்றது. ரக் இடத்தில் நின்றவர் ஃபார்மர்.

இந்த அளவுகோலில் கூட்ஸின் முதல் பருவம் நல்ல வாக்குறுதி. அதை அவர் நிறைவேற்றியும் காட்டினார். 2003இலும் 2006இலும் பிரவுன்லோ பதக்கம். 2005இல் வெஸ்ட் கோஸ்ட் அணியை நான்கே புள்ளிகளால் வென்று, 1933க்குப் பிறகு கழகத்துக்குக் கிடைத்த முதல் கிண்ணம். 2012இல் இன்னொன்று. மொத்தம் 372 போட்டிகள், 464 கோல்கள். அவர் ஓய்வுபெற்றபோது பூர்வகுடி வீரர் ஒருவர் ஆடிய அதிகூடிய போட்டிகள் அவைதான். இதோடு கட்டுரையை முடித்தால் அது ஒரு வெற்றிக்கதை.

ஆனால் 1999ஐச் சுற்றி வேறு திகதிகளும் கிடக்கின்றன. அவர் தெரிவான அதே 1997இல்தான், பூர்வகுடிப் பிள்ளைகளை அரசு குடும்பங்களிடமிருந்து பறித்த வரலாற்றை ஆவணப்படுத்திய ‘பிரிங்கிங் தெம் ஹோம்’ அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. அப்படிப் பறிக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருவர் கூட்ஸின் தாய். அவர் முதல் பருவம் விளையாடிய 1999 ஓகஸ்டில் நாடாளுமன்றம் அந்த வரலாற்றுக்காக ‘ஆழ்ந்த வருத்தம்’ தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அந்தச் சொல் வர 2008 பெப்ரவரி வரை காத்திருக்கவேண்டியிருந்தது. வருத்தத்துக்கும் மன்னிப்புக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று எங்கட நாட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை.

மைதானத்துக்கும் அதே வரலாறு உண்டு. டக் நிக்கல்ஸ் 1920களில் கால்ற்றன் கழகத்துக்குப் போனபோது நிறத்துக்காக ஒதுக்கப்பட்டார். 1932இல் ஃபிற்ஸ்ரோய் கழகத்துக்கு ஆடத் தொடங்கிய அவர், பிற்காலத்தில் தென் அவுஸ்திரேலியாவின் ஆளுநராகவே ஆனார். 1993இல் விக்ரோறியா பார்க் மைதானத்தில் வசவுகளுக்கு நடுவே விளையாடி வென்ற நிக்கி வின்மார், மேலாடையைத் தூக்கித் தன் கறுத்த தோலைச் சுட்டிக்காட்டி நின்றார். 1995இல் மைக்கல் லோங் ஒரு எதிரணி வீரரின் இனவசவை விடாமல் முறையிட்டதால், இனநிந்தனைக்கு எதிரான விதி அந்த வருஷமே வந்தது. அடம் கூட்ஸ் 1999இல் களம் இறங்கியபோது அந்த விதிக்கு நான்கு வயது. பிரச்சினை தீர்ந்தது என்று நம்ப விரும்பியவர்களுக்கு, சிரித்த முகத்தோடு விருது வாங்கிய அந்தப் பெடியன் நல்ல சாட்சியாகத் தெரிந்திருப்பார்.

2013 மே 24, மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானம். பூர்வகுடிகளைக் கௌரவிக்கும் சுற்றுப் போட்டி. பார்வையாளர் பக்கத்தில் இருந்து ஒரு குரல் அவரைக் குரங்கு என்றது. அவர் திரும்பி, விரலை நீட்டிக் காட்டினார். காவலாளிகள் கூட்டிப்போனது 13 வயதுச் சிறுமியை. அடுத்த நாளே கூட்ஸ் ஊடகங்களிடம், அந்தப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்கவேண்டாம், அவளுக்கு ஆதரவு தேவை, அவள் வளர்ந்த சூழலைத்தான் கேள்வி கேட்கவேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். 2014இல் அவர் ‘அவுஸ்திரேலியர் விருது’ பெற்றார். இனவாதத்தைப் பற்றித் தொடர்ந்து கதைத்தார். அதற்குப் பிறகுதான் ‘பூ’ என்ற கூச்சல் வாராவாரம் ஊர் ஊராக அவரைத் துரத்தியது. 2015 மே மாதம் கால்ற்றன் அணிக்கு எதிராக ஒரு கோல் அடித்துவிட்டு அவர் பூர்வகுடிப் போர் நடனம் ஒன்றை ஆடினார். கூச்சல் இன்னும் ஏறியது. ஒரு கட்டத்தில் அவர் விளையாடாமல் ஒதுங்கினார். அந்த வருஷம் செப்டெம்பரில் ஓய்வு பெற்றார்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ‘இது இனவாதம் இல்லை, ஃப்றீ கிக் வாங்குவதற்காக அவர் விழுந்து நடித்தார், அதனால்தான் கத்தினோம்’ என்றார்கள் பலர். கத்திய ஒவ்வொருவருடைய மனதையும் நாங்கள் திறந்து பார்க்க முடியாது. ஆனால் காலவரிசை எல்லோருக்கும் முன்னால் இருக்கிறது. 1999இலிருந்து இத்தனை பருவங்கள் அவர் ஆடினார். ஆட்டத்தின் பாணிதான் பிரச்சினை என்றால், இந்தக் கூச்சல் ஏன் அவர் விரல் நீட்டிய பிறகு, மேடையில் கதைத்த பிறகு இவ்வளவு பெருகவேண்டும்? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலை நாங்கள் இன்னும் வாசிக்கவில்லை.

ஒரு கூட்டம் ஒரு தனி மனிதனை நோக்கித் திரும்பினால் எப்படி இருக்கும் என்பது இலங்கை வாசகருக்குப் புதிதில்லை. 1995 டிசம்பரில் இதே மெல்பேர்ண் மைதானத்தில்தான் முரளிதரனின் பந்துகளுக்கு ‘நோ போல்’ சொல்லப்பட்டது. 1999 ஜனவரியில் அடிலெய்டில் அது திரும்பவும் நடந்தபோது அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோட்டு வரை அழைத்துப் போனார். அதற்குப் பிறகு அவுஸ்திரேலிய மைதானங்களில் அவர் பந்தெடுக்கும்போதெல்லாம் கூட்டம் ‘நோ போல்’ என்று கத்தியது. இரண்டும் ஒன்றல்ல. அது பந்துவீச்சு விதி பற்றிய சர்ச்சை, இது வேறு. ஆனால் பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்தும்போது ‘நான் சும்மா பகிடிக்குத்தான் கத்தினேன்’ என்று ஒவ்வொருவரும் சொல்லித் தப்பிக்கலாம். கேட்டுக்கொண்டு நிற்கிறவர் ஒரு ஆள்.

2019இல் லீக்கும் 18 கழகங்களும் கூட்ஸிடம் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டன. 2021இல் ஆட்டத்தின் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்க்க முன்வந்தபோது அவர் வேண்டாம் என்றார். ரைசிங் ஸ்டார் விருதை ஏற்ற அதே கைதான் இதை மறுத்தது. முதல் விருதைப் பெற அவர் நன்றாக ஓடினால் போதுமாயிருந்தது. கடைசி விருதுக்கு, நடந்ததை மறந்து மேடையேறவும் வேண்டியிருந்திருக்கும். நாங்கள் அவருடைய மறுப்பை அப்படித்தான் விளங்கிக்கொள்கிறோம்.

ஆகவே ஒரு இளம் வீரரின் முதல் பருவத்தை அளக்கும்போது கோல்களையும் மார்க்குகளையும் எண்ணுங்கள், தப்பில்லை. கூடவே இன்னொன்றையும் கேளுங்கள். அவர் இன்னும் ஒன்றும் கதைக்கவில்லை என்பதற்காகத்தானா எங்களுக்கு அவரைப் பிடிக்கிறது? இதை மேலும் அறிய விரும்புகிறவர்கள் 2019இல் வந்த ‘த ஃபைனல் குவாட்டர்’ ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கள். புதிய நேர்காணல் ஒன்றுகூட இல்லாமல், அந்தக் காலத்துத் தொலைக்காட்சி, வானொலி, பத்திரிகைப் பதிவுகளை மட்டும் வைத்துச் செய்த படம். ஒருவரும் விளக்கம் சொல்லமாட்டார்கள். அன்று யார் யார் என்ன சொன்னார்கள் என்பதை நீங்களே கேட்கலாம்.