ஒன்றியத்து ஜீப்: திருவெறும்பூர்ப் பகுதியின் மண்தடங்களும் ஃபோர் வீல் டிரைவும்

முன், பின் ஆகிய இரு அச்சுகளுக்கும் எஞ்சின் விசை செல்லும் வண்டியை எடுத்துக்கொண்டு தார் போடாத தடங்களில் பயணம் போவது இன்று விடுமுறை நாள் பொழுதுபோக்கு. தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் அது அரசாங்க வேலையாகத்தான் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின் வந்த வட்டார வளர்ச்சி அலுவலகமும் அதன் ஜீப்பும் இல்லாமல் அந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றான திருவெறும்பூர், இதைப் பார்க்க ஏற்ற இடம். இரண்டு வகை மண்ணும் அங்கே அருகருகே இருக்கின்றன.

நிலமும் தடமும்

திருவெறும்பூர், திருச்சிக்குக் கிழக்கே தஞ்சாவூர்ச் சாலையில் அமைந்த ஊர். எறும்பீசுவரர் கோயில் நிற்கும் சிறு குன்று அதன் அடையாளம். குன்றுக்கு வடக்கே வேங்கூர், பத்தாளப்பேட்டை, கிளியூர் எனக் கல்லணையை நோக்கிப் பாசன வயல்கள் விரிகின்றன. தெற்கே குண்டூர், சூரியூர், கும்பக்குடிப் பக்கம் செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம். இடையே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால் வாழவந்தான்கோட்டை ஏரியில் போய் முடிகிறது.

வயல் பக்கத்து வண்டல் காய்ந்தால் கல் போல் இறுகும். ஐப்பசி மழையில் சக்கரத்தை முழுவதுமாகப் பூசிக்கொள்ளும். டயரின் பள்ளங்கள் அடைபட்ட பிறகு சக்கரம் சுழலும், வண்டி நகராது. செம்மண் பக்கத்தில் தொல்லை வேறு விதம். ஒரே மழையில் தடம் ஓடையாக அறுந்து, ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்திலும் மறுபக்கச் சக்கரம் திட்டிலும் நிற்கும். மாட்டு வண்டிகள் உழுது வைத்த தடத்தின் அகலமும் ஜீப்பின் சக்கர இடைவெளியும் பொதுவாகப் பொருந்துவதில்லை.

போரிலிருந்து பிளாக் ஆபீசுக்கு

1940இல் அமெரிக்க ராணுவம் இலகுவான உளவு வண்டி ஒன்றைக் கேட்டதிலிருந்து ஜீப்பின் கதை தொடங்குகிறது. முதல் மாதிரியைச் செய்தது பாண்டம் என்ற சிறு நிறுவனம். பெருமளவில் உற்பத்தி செய்தவை வில்லிஸும் ஃபோர்டும். போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. 1945இல் எஃகு வணிகத்துக்காகத் தொடங்கப்பட்ட மகிந்திரா அண்ட் முகமது நிறுவனம், பிரிவினையை ஒட்டி மகிந்திரா அண்ட் மகிந்திராவாக மாறியது. 1940களின் இறுதியில் அது வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. கூட்டாளியாக இருந்த குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானது தனிக் கதை.

1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 இடங்களில் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு திட்டப் பகுதியிலும் சுமார் 300 கிராமங்கள் இருந்தன; அவை தலா 100 கிராமங்கள் கொண்ட வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டன. நூறு ஊரை ஓர் அதிகாரி பார்க்க வேண்டும், ஊர்களுக்குச் சாலை கிடையாது என்ற நிலையில் ஜீப்பைத் தவிர வழியில்லை. சென்னை மாநிலத்தில் 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தைத் தொடர்ந்து வட்டாரங்கள் படிப்படியாக ஊராட்சி ஒன்றியங்களாயின. ‘பி.டி.ஓ. ஜீப்’ ஒன்றியத்து ஜீப்பாகி, சேர்மனும் ஏறிச் செல்லும் வண்டியானது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு யுனிசெப் ஜீப்புகளை வழங்கியது.

இரண்டு கம்பிகள்

அந்தக் கால ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சிறு கம்பிகள் இருக்கும். ஒன்று முன் அச்சை எஞ்சினோடு இணைக்கும். மற்றொன்று, வேகத்தைக் குறைத்து இழுவையை ஏறத்தாழ இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு கூட்டும். மண்தட ஓட்டத்தில் புதிதாக இறங்குபவர் முதலில் கற்க வேண்டியது இவற்றை எப்போது போடுவது என்பதைத்தான். சேற்றில் அமிழ்ந்த பிறகு போடுவதில் பயன் குறைவு. அதற்குள் பின் சக்கரங்கள் தமக்கே குழி தோண்டியிருக்கும். சேற்றுக்கு முன்பே நிறுத்தி, இறங்கி நடந்து, ஆழம் பார்த்து, கம்பியைப் போட்டு, இடையில் நிறுத்தாமல் ஒரே சீராகக் கடப்பதே முறை. மணலில் டயர் காற்றைக் குறைத்தால் தரையில் படும் பரப்பு கூடும். தார்ச்சாலை ஏறியதும் முன் அச்சை விடுவித்துவிட வேண்டும். திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் சுற்றுகின்றன. சறுக்க இடம் தராத சாலையில் அந்த வேறுபாடு முழுவதும் பற்சக்கரங்களை முறுக்கும்.

இந்த அறிவு அன்று புத்தகத்தில் இல்லை, அரசு டிரைவர்களிடம் இருந்தது. எந்த மாதத்தில் எந்த வாய்க்கால் கரை வண்டியைத் தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு மழைக்கால முகாம் நடப்பதும் நடக்காமல் போவதும் பல நேரம் அவர்கள் கையில் இருந்தது. திட்ட அறிக்கைகள் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

ஜீப் போகும் ஊரும் போகாத ஊரும்

ஜீப் எட்டிய இடம்வரைதான் அரசாங்கம் எட்டியது. விதை, உரம், அம்மைத் தடுப்பூசி எல்லாமே தடத்தின் நிலையைப் பொறுத்தவை. ஜீப்புக்குக் கீழே சைக்கிள் இருந்தது. சுமார் பத்து ஊர்களுக்கு ஒருவர் என நியமிக்கப்பட்ட கிராம சேவக் சைக்கிளில் போனார், முடியாத இடத்தில் அதை உருட்டிக்கொண்டும் போனார். ஊருக்குள் தங்கியவர் அவர். ஜீப்பில் வந்தவர் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். மக்களின் முன்முயற்சியை இத்திட்டம் எழுப்பவில்லை என்று 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு சொன்னதற்குக் காரணங்கள் பல. ஊரை வண்டியிலிருந்தபடி பார்க்கும் பழக்கத்தையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கலாம்.

1960களில் பாய்லர் ஆலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தபின் திருவெறும்பூரின் முகம் மாறியது. பிறகு கிராமங்களுக்கு டவுன் பஸ்கள் வந்தன. 1973க்குப் பின் பெட்ரோல் விலை ஏற, பழைய ஜீப்புகள் பலவற்றில் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், எஞ்சியிருந்த மண்தடங்களில் பலவற்றைத் தார்ச்சாலை ஆக்கியது. அதே ஆண்டு சந்தைக்கு வந்த பொலிரோ பின்னர் அரசு அலுவலக வாசல்களில் ஜீப்பின் இடத்தைப் பிடித்தது. அவற்றில் பெரும்பாலானவை பின் சக்கர இயக்கம் மட்டுமே கொண்டவை. முன் அச்சுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

இன்று ஃபோர் வீல் வண்டி வாங்குபவர் மண்தடத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. மாவட்டத்தின் வடக்கே, மலையாளிப் பழங்குடியினர் வாழும் பச்சைமலை போன்ற இடங்கள் அவருக்கு நினைவு வரும். வாய்க்கால் கரைகளும் ஏரிக்கரைகளும் அப்படியல்ல. ஈரக் கரையில் விழும் சக்கரத்தடம் அடுத்த வெள்ளத்தில் உடைப்பாகலாம். அதன் கேட்டை அனுபவிப்பவர் வண்டிக்காரர் அல்லர், கடைமடை விவசாயி. மகிந்திராவின் புதிய தார் விற்பனைக்கு அறிமுகமானது 2020 அக்டோபர் 2 அன்று, சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கி 68 ஆண்டுகள் நிறைந்த நாளில். முன் அச்சை இணைக்கும் கம்பி அதிலும் கியருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.