‘ஆஹா’ப் பொத்தான்

2020-ஆம் வருஷம் ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்களில், என் அக்கா பெண் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பி.எஸ்ஸி. படித்தாள். அங்கேதான் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. ஒரு நாள் காபி எடுத்துக்கொண்டு மேலே போனேன். திரையில் பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். இவளோ வேறொரு கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சிநேகிதிகளோடு எழுத்தாலேயே அரட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

“பாடம் நடக்கிறதே, கவனிக்க வேண்டாமா?” என்றேன்.

“பாடத்தைப் பற்றித்தான் மாமா பேசிக்கொள்கிறோம். ஸாரைக் கேட்டால் அறுபது பேரும் பார்ப்பார்களே!” என்றாள்.

அந்தப் பதில் எனக்குச் சுருக்கென்றது. காரணம் உண்டு. நான் கல்லூரியில் இரண்டே வருஷம் இருந்துவிட்டுப் பட்டமில்லாமல் வெளியே வந்தவன். ரசாயன வகுப்பில் மூன்றாவது வாரம் ஒரு விஷயம் புரியவில்லை. எழுந்து நின்று கேட்க வெட்கம். அந்த வெட்கத்தின் மேல் அடுத்த பாடம் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் மேல் அதற்கடுத்த பாடம். கடைசியில் நானே இறங்கி வந்துவிட்டேன். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாத ஓர் உபாத்தியாயரை எங்கேயாவது, யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா என்று அன்றிலிருந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பார்த்திருக்கிறார்கள். அதுவும் 1960-லேயே.

சிகாகோவுக்குத் தெற்கே சுமார் நூற்று முப்பது மைலில், மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே அர்பானா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. இல்லினாய் சர்வகலாசாலை அங்கேதான். அந்தச் சர்வகலாசாலையில் ‘இல்லியாக்’ என்று ஒரு கம்ப்யூட்டர் 1952 முதல் வேலை செய்துகொண்டிருந்தது. ஏறக்குறைய 2,800 வால்வுகள், ஐந்து டன் எடை. இன்றைக்கு என் சட்டைப்பையில் கிடக்கும் போனுக்கு முன்னால் அதன் ஞாபகசக்தி கடுகத்தனை கூட இல்லை. ஆனாலும் அந்தக் காலத்துக்கு அது பிரமாதம்.

1957-ல் ருஷ்யர்கள் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவினார்கள். அமெரிக்காவுக்குத் திடீரென்று தன் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. இந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டு பாடம் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று அர்பானாவில் ஒரு யோசனை பிறந்தது. ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் டேனியல் ஆல்பெர்ட் ஒரு கமிட்டி போட்டார். இஞ்சினீயர்கள், கணித வல்லுநர்கள், மனோதத்துவக்காரர்கள், கல்வி நிபுணர்கள் எல்லோரும் கூடிக் கூடிப் பேசினார்கள். ஓர் இடத்திலும் ஒத்துப்போகவில்லை. கமிட்டிகளின் ஜாதகம் எல்லாத் தேசத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது! ஆல்பெர்ட் மனம் தளர்ந்து, ராடார் வேலையில் இருந்த டொனால்ட் பிட்ஸர் என்ற இருபத்தாறு வயது இஞ்சினீயரிடம் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பிள்ளை கமிட்டி போடவில்லை. இருக்கிற சாமான்களை வைத்து யந்திரத்தைச் செய்ய ஆரம்பித்துவிட்டான்.

1960-ல் அது பேசத் தொடங்கியது. பேச்சென்றால் வாய்ப்பேச்சு அல்ல. ஒரு டெலிவிஷன் பெட்டி, அதன் முன்னே சில பொத்தான்கள், ஒரே ஒரு மாணவன். பாடப் படம் திரையில் வரும். மாணவன் பதிலை அடித்து ‘தீர்ப்பு’ என்ற பொத்தானை அழுத்தினால், சரியா தப்பா என்று யந்திரம் சொல்லும். ‘பிளேட்டோ’ என்று அதற்குப் பெயர். ஏதோ நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் என்கிறார்கள். கிரேக்க ஞானியின் பெயரை முதலில் பிடித்துக்கொண்டு விரிவைப் பிறகு தேடினார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தப் பொத்தான்களில் இரண்டுதான் என் மனத்தைக் கவர்ந்தவை. ஒன்று ‘உதவி’. புரியவில்லை என்றால் அதை அழுத்தலாம். யந்திரம் பெரிய பாதையிலிருந்து மாணவனைக் கிளைப்பாதைக்கு அழைத்துக்கொண்டு போய், அதே விஷயத்தைச் சின்னச் சின்னப் படிகளாக்கிச் சொல்லும். நடுவழியில் விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டால் மீதியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இன்னொரு பொத்தானை அழுத்திப் பெரிய பாதைக்குத் திரும்பிவிடலாம். அந்தப் பொத்தானின் மேல் எழுதியிருந்த சொல்: ‘ஆஹா’.

‘உதவி’யை ஒரு முறை அழுத்தினாலும் ஒன்பது முறை அழுத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. இதைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பிட்ஸரின் மனைவி மேரியன் ஒரு நர்ஸ். நர்ஸ் படிப்புக்கு அந்த அம்மாள் பாடம் அமைத்தார். மாரடைப்பு வந்த நோயாளி ஒருவரைத் திரையில் வைத்து, ‘என்ன பார்ப்பாய், என்ன செய்வாய்’ என்று மாணவியைத் தானே தேடவிட்டார். தப்புச் செய்தாலும் அங்கே ஓர் உயிர் போகாது. பிற்பாடு உயிரியல் மாணவர்கள் பழ ஈக்களைத் திரையிலேயே ஜோடி சேர்த்தார்கள். நிஜ ஈக்களானால் குஞ்சு பொரிக்க வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே பேரன் பேத்திகள் ஒரு மணி நேரத்துக்குள் வந்து நின்றார்கள்!

ஒரு மாணவன் என்றிருந்தது அடுத்த வருஷம் இரண்டாயிற்று, பிறகு இருபது. ஆயிரம் பேருக்குத் திரை வேண்டுமானால் டெலிவிஷன் பெட்டி கட்டுப்படியாகாது. ஆகவே பிட்ஸர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்ஸன் மூவரும் 1964-ல் தட்டையான புதுத் திரை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே அடைத்த வாயு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. பிளாஸ்மா டெலிவிஷன் என்று பிற்காலத்தில் கடைகளில் விற்றதே, அதற்குப் பாட்டன் இது. 1972-ல் இந்தத் திரையோடு நான்காவது பிளேட்டோ வந்தது. விரலால் தொட்டால் தெரிந்துகொள்ளும் வித்தையும் அதில் இருந்தது. சில வருஷங்களில் சுமார் ஆயிரம் திரைகள் ஒரே கம்ப்யூட்டரோடு கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தன.

இங்கேதான் கதை திசை மாறுகிறது. பாடத்தில் பிசகு இருந்தால் குறித்து வைக்க ஒரு பொது ஏடு இருந்தது. அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம். எழுதியவர் யார் என்பதற்கும் அத்தாட்சி இல்லை. 1973-ல் டேவிட் வூலி என்ற பதினேழு வயதுப் பையன் அதைச் சீர்படுத்தினான். எழுதினால் பெயரும் தேதியும் தாமாக விழும், கீழே மற்றவர்கள் பதில் எழுதலாம். அதே வருஷம் டக் பிரவுன் என்பவர், ஐந்து பேர் ஒரே சமயத்தில் பேசிக்கொள்ள வழி செய்தார். ஒருவர் அடிக்கும் எழுத்து அந்தக் கணமே மற்ற நால்வர் திரையிலும் விழும். அவ்வளவுதான், பையன்கள் ராத்திரியெல்லாம் வீட்டுக்குப் போகவில்லை. பேசினார்கள், சண்டை போட்டார்கள், காதலித்தார்கள். நட்சத்திர யுத்தம் விளையாடினார்கள். வேலை நேரத்தில் விளையாட்டை அதிகாரிகள் தடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளைத் தடுத்து ஜெயித்தவர் யார்?

பாடம் சொல்லச் செய்த யந்திரத்தை மாணவர்கள் திண்ணையாக்கிக்கொண்டார்கள். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. 1970-களில் இளநிலைக் கல்லூரிகளில் பிளேட்டோவைப் பரிசோதித்தவர்கள், மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அதைப் பிடித்திருந்ததாகவும், மார்க்கில் நிச்சயமான ஏற்றமோ இறக்கமோ காணவில்லை என்றும் எழுதினார்கள். மார்க்கு ஏறவில்லை என்றதும் உதட்டைப் பிதுக்கினவர்கள் பலர். எனக்கோ முதல் பாதிதான் பெரிதாகப் படுகிறது. பிடித்த இடத்தில் அல்லவா மாணவன் தங்குவான்?

கண்ட்ரோல் டேட்டா கம்பெனியின் தலைவர் வில்லியம் நாரிஸ் இதில் கோடிக் கோடியாகக் கொட்டினார். பலன் இல்லை. மணிக்கணக்கில் வாடகை கேட்டால் எந்தப் பள்ளிக்கூடம் கொடுக்கும்? அதற்குள் மேஜைமேல் வைக்கும் சின்னக் கம்ப்யூட்டர்கள் மலிவாக வந்துவிட்டன. பெரிய யந்திரம் மெல்ல ஓய்ந்தது. ஆனால் வித்து போய்விடவில்லை. அர்பானாவில் மாணவராக அந்த ஆரஞ்சுத் திரையில் உட்கார்ந்த ரே ஓஸி, பிற்காலத்தில் ‘லோட்டஸ் நோட்ஸ்’ செய்து ஆபீஸ்களுக்கெல்லாம் அந்தத் திண்ணையைக் கொண்டுபோனார். இன்று கலாசாலைகளில் புழங்கும் ‘மூடில்’ 2002-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதைச் செய்த மார்ட்டின் டூகியாமாஸ், பாலைவனத்து ஊர் ஒன்றில் ரேடியோ மூலம் பள்ளிப்பாடம் கேட்டு வளர்ந்தவர். அவருக்கும் வகுப்பறை தூரமாகத்தான் இருந்திருக்கிறது.

பிளேட்டோவின் கடைசி வாரிசான ‘நோவாநெட்’ 2015-ல் நிறுத்தப்பட்டது. பிட்ஸர் 2024 டிசம்பரில், தொண்ணூறாவது வயதில் காலமானார். பழைய மாணவர்கள் சிலர் அந்த யந்திரத்தின் நிரல்களை இன்றைய கம்ப்யூட்டருக்குள் மறுபடி உயிர்ப்பித்தார்கள்.

இதையெல்லாம் அக்கா பெண்ணிடம் சொன்னேன். அவள் பட்டம் வாங்கி, வேலைக்கும் போய்விட்டாள். கேட்டுவிட்டு, “நீங்கள் அன்றைக்கு ரசாயனத்தில் என்ன கேட்க வேண்டும் என்று இருந்தீர்கள், மாமா?” என்றாள்.

சொன்னேன். ஒரு பழைய கவரின் முதுகில் படம் போட்டு அவள் விளக்கினாள். நான்கு நிமிஷம் ஆயிற்று.