மச்சில் அறை கட்ட யாரிடம் அனுமதி?

போன மாதம் தம்பி போன் செய்தான். "அண்ணா, கல்பாத்தி ஆத்து மச்சை உசத்தி ரெண்டு ரூம் போட்டுடலாம். தேருக்கு வர்றவாளுக்கு வாடகைக்கு விட்டா மராமத்துச் செலவாவது தேறும். இல்லேன்னா வித்துடலாம்."

விற்பது என்ற வார்த்தையைக் கேட்டபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் கடன் ஃபைல் பார்த்தே பழகிய புத்தி முதலில் கேட்டது வேறு: அனுமதி யார் தர வேண்டும்?

லண்டனில் பிறந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மச்சு என்றால் ஓட்டுக்கூரைக்கும் கூடத்துக்கும் நடுவில் மரப்பலகை போட்ட தளம். உருளி, புளிப் பரணி, கல்யாணப் பாத்திரம் எல்லாம் அங்கேதான்.

எங்கள் பக்கம் கூரைக்கு அனுமதி கேட்பது புதிதல்ல. பழைய மலபாரில் ஓடு போடுவதே கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரிய சலுகை. மற்ற வீடுகளுக்கு ஓலைதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள்கூடத் தங்கள் பண்டகசாலைக்கு ஓடு போட அதைத் தனிச் சலுகையாகத்தான் பெற்றார்கள். 1865-ல் பேசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் சாதாரண வீடுகளுக்கும் ஓடு வந்தது. 1866-ல் பாலக்காடு நகராட்சி வந்தது. ராஜா இருந்த இடத்தில் ஆபீஸ் வந்தது, அவ்வளவுதான்.

இன்றைய கணக்கு என்ன? கேரள நகராட்சிக் கட்டிட விதிகள் 1999-ல் வந்தன. 2019-ல் புதிய விதிகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. வெள்ளையடிக்கவும் சில்லறைப் பழுது பார்க்கவும் பர்மிட் வேண்டாம். கூரையை உயர்த்தினால் வேண்டும். தேசியக் கட்டிட விதித்தொகுப்பில் பரண் என்பது 1.5 மீட்டருக்கு மேற்படாத, சாமான் வைக்கும் இடம். ஆள் வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர் உயரம் கேட்கிறது. நாம் பாய் விரித்துப் படுத்த மச்சு, சட்டத்தின் கண்ணில் சாமான் அறை!

கல்பாத்தியில் இன்னொரு படியும் உண்டு. 1425-ல் எழுந்ததாகச் சொல்லும் விசுவநாத சுவாமி கோயிலைச் சுற்றிய அக்கிரகாரங்களை அரசு பாரம்பரியப் பகுதியாக அறிவித்திருக்கிறது. கலை, பாரம்பரிய ஆணையத்தின் சம்மதமும் வேண்டும். வீட்டைத் திருத்த முடியவில்லை என்று தெருக்காரர்கள் பல வருஷமாகக் குறைபடுகிறார்கள். அங்கீகரித்த பிளான் இல்லாமல் எந்த வங்கியும் வீட்டுக் கடன் தராது. நானே தரமாட்டேன்.

இடுக்கிப் பக்கம் சிக்கல் வேறு மாதிரி. அங்கே கூரையைவிடப் பட்டாதான் பேசும். 1964-ம் வருஷ நிலப் பதிவு விதிப்படி கொடுத்த நிலம் விவசாயத்துக்கும் குடியிருக்கவும்தான். மாடியில் குடும்பம் இருந்தால் சரி, டூரிஸ்டுக்கு லாட்ஜ் நடத்தினால் நிபந்தனை மீறல். இப்படிப்பட்டவற்றை முறைப்படுத்த 2023 செப்டம்பரில் சட்டசபை திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. 2024 ஏப்ரலில்தான் கவர்னர் கையெழுத்திட்டார்.

லண்டனில் எப்படி? வரிசை வீட்டின் மச்சை 40 கன மீட்டர் வரை பெரிதாக்க, நிபந்தனைகளுக்கு உட்பட்டால், திட்ட அனுமதி வேண்டாம். பாரம்பரியப் பகுதியில் இந்தச் சலுகை கிடையாது. பொதுச்சுவரில் உத்தரம் செருகுவதானால், 1996-ம் வருஷச் சட்டப்படி பக்கத்து வீட்டுக்கு இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

இதைப் படித்தபோதுதான் உறைத்தது. எங்கள் சுவரும் பக்கத்தாத்து மாமியின் சுவரும் ஒன்றுதானே! அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

தம்பிக்குச் சொல்லிவிட்டேன்: "முதல்ல மாமியைப் பாரு. அப்புறம் மச்சு உயரத்தை அள. ஆதாரத்தையும் வரி ரசீதையும் எடுத்துண்டு, இன்ஜினியரோட நகராட்சிக்குப் போ. திண்ணையையும் முகப்பையும் தொடாதே. ஒண்ணும் நடக்கலேன்னா உடைஞ்ச ஓட்டையாவது மாத்து, அதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டாம்."

விற்கிற பேச்சை அடுத்த தேருக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.