சிறுவர் நாற்சக்கர விசையுந்து

சிறுவர் நாற்சக்கர விசையுந்து என்பது 16 வயதுக்குட்பட்டோருக்காக அளவும் வேகமும் குறைத்து வடிவமைக்கப்பட்ட, சாலையல்லாத தரையில் ஓடும் நான்கு சக்கர ஊர்தி ஆகும். இது குவாட் பைக், ஏ.டி.வி. என்றும் வழங்கப்படுகிறது. இருபுறமும் கால் போட்டு அமரும் இருக்கை, விசையுந்தில் உள்ளது போன்ற கைப்பிடி, காற்றழுத்தம் குறைந்த அகன்ற டயர்கள் ஆகியன இதன் கூறுகள். இந்தியச் சட்டம் குறிப்பிடும் குவாட்ரிசைக்கிள் இதிலிருந்து வேறுபட்டது. அது கூரையுடன் சாலையில் ஓடும் சிற்றூர்தி.

வரலாறு

1970-களில் இவ்வகை ஊர்திகள் மூன்று சக்கரங்களுடன் விற்கப்பட்டன. 1982-இல் சுசூகி நிறுவனம் நான்கு சக்கர ஊர்தியை அறிமுகப்படுத்தியது. விபத்துகள் பெருகியதால், 1988-இல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி முன்னணி நிறுவனங்கள் மூன்று சக்கர ஊர்திகளின் விற்பனையை அங்கு நிறுத்தின. சிறுவர் ஊர்திகள் தொடக்கத்தில் இயந்திரக் கொள்ளளவைக் கொண்டு வகைப்படுத்தப்பட்டன. பின்னர் வயதும் உச்ச வேகமும் அடிப்படையாயின.

ஆபத்துக்கான காரணங்கள்

நான்கு சக்கரங்கள் இருப்பதால் இது கவிழாது என்பது தவறான எண்ணமாகும். ஈர்ப்பு மையம் உயரமாகவும் சக்கர இடைவெளி குறுகலாகவும் இருப்பதால், திருப்பத்திலும் சரிவிலும் ஓட்டுபவர் தம் உடல் எடையை நகர்த்தியே ஊர்தியை நிலைப்படுத்த வேண்டும். பெரியவர்களுக்கான ஊர்தியில் அமரும் சிறுவரின் எடை இதற்குப் போதாது. கவிழ்ந்தால் ஊர்தி அவர் மீதே விழக்கூடும். பல ஊர்திகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பிணைக்கப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்வதால், தார்ச்சாலையில் திருப்புவது கடினம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 16 வயதுக்குட்பட்டோர் இவற்றை ஓட்டவே கூடாது எனப் பரிந்துரைக்கிறது.

இந்தியாவில் சட்ட நிலை

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 25 கன செ.மீ.-க்கு மேற்படாத இயந்திரம் கொண்ட ஊர்திகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் இவ்விலக்கு நான்கிற்குக் குறைவான சக்கரங்கள் உள்ளவற்றுக்கே உரியது. 16 வயதில் 50 கன செ.மீ. வரையிலான விசையுந்தை ஓட்டலாம் என்னும் சலுகையும் இரு சக்கர ஊர்திக்கே பொருந்தும். வகை ஒப்புதல் பெறாத ஊர்தியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்ய இயலாது.

பொது இடம் என்பது சாலை மட்டுமன்று. பொதுமக்கள் நுழைய உரிமையுள்ள பிற இடங்களும் அதில் அடங்கும். 2019-இல் சேர்க்கப்பட்ட 199அ பிரிவின்படி, சிறார் இச்சட்டத்தின் கீழ்க் குற்றம் செய்தால், பாதுகாவலருக்கோ ஊர்தி உரிமையாளருக்கோ 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அச்சிறார் 25 வயது வரை பழகுநர் உரிமம் பெற முடியாது.

கடலூர், சிதம்பரம் பகுதியில்

கடலூர் தேவனாம்பட்டினத்திலுள்ள வெள்ளிக் கடற்கரையும், கடலூரையும் சிதம்பரத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 32-உம் மக்கள் நடமாடும் பொது இடங்கள். ஆகவே வேலியிட்ட, சமமான சொந்த நிலம் இருந்தால் மட்டுமே சிறுவருக்கு இவ்வூர்தியை வாங்குவது பொருளுடையது. சிதம்பரம் சுற்றுவட்டார வயல்களில் உள்ள உயர்ந்த வரப்பும் வாய்க்கால் கரையும் கவிழ்வதற்கு ஏதுவான இடங்கள். அங்கு ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* வயது வகை: அமெரிக்கச் செந்தரத்தில் 6, 10, 12, 14 வயதில் தொடங்கும் வகைகள் உள்ளன. 6 வயது வகையின் உச்ச வேகம் மணிக்கு 24 கி.மீ.; வேகத்தடுப்பு பொருத்தினால் 16 கி.மீ. "வளர்ந்ததும் பயன்படும்" என்று பெரிய ஊர்தியை வாங்கக் கூடாது.
* உடல் பொருத்தம்: அமர்ந்த நிலையில் இரு பாதங்களும் மிதிபலகையில் முழுமையாகப் பதிய வேண்டும், கைப்பிடியை இருபுறமும் முழுமையாகத் திருப்பவும் தடை நெம்புகோலை விரல்களால் எளிதில் அழுத்தவும் இயல வேண்டும்.
* நிறுத்தக் கயிறு: சிறுவர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றை இழுத்துச் சோதிக்க வேண்டும்.
* மூடிகள்: சங்கிலி, புகைபோக்கி ஆகியவற்றுக்கு மூடி இருக்க வேண்டும்.
* பழைய ஊர்தி: கடற்கரைப் பகுதியில் ஓடியதாயின் சட்டகத்தின் அடிப்புறத்திலும் பற்றவைப்பு இணைப்புகளிலும் துரு உள்ளதா எனவும், சக்கரத் தாங்கிகளில் ஆட்டம் உள்ளதா எனவும் பார்க்க வேண்டும்.
* கவசங்கள்: ஐ.எஸ். 4151 முத்திரையுள்ள, தலையளவுக்குப் பொருந்தும் தலைக்கவசம், கையுறை, கணுக்காலை மூடும் காலணி ஆகியவற்றின் விலையையும் ஊர்தியின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஓட்டுபவர் ஒருவர் மட்டுமே அமர வேண்டும். பெரியவர் ஒருவர் எப்போதும் கண்காணிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* விசையுந்து
* தலைக்கவசம்
* கடலூர் மாவட்டம்